தூணடியில் தூங்கியவர் சொன்ன பிரசங்கங்கள்

சபையில் அவருக்குத் 'தூண்' என்று பெயர். வைத்தவர் பாடகர் குழுவில் இருந்த ஒரு குறும்புக்காரர். ஆராதனையில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியதும், கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கும் இவருடைய தலை மெல்லச் சாயத் தொடங்கும். சாய்ந்து சாய்ந்து பக்கத்தில் இருக்கும் தூணில் போய் முட்டும். முட்டியதும் அங்கேயே தங்கிவிடும். "கட்டடத்தைத் தூண் தாங்குது, அண்ணனையும் அதுதான் தாங்குது" என்று குறும்புக்காரர் ஒருநாள் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள்கூட 'தூண் மாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளக் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவுவது அவர் வேலை. கடைசி நடை முடித்து ஒவ்வொன்றாக வந்து நிற்கும் வண்டிகளுக்குள் ஏறி, இருக்கைகளுக்கு அடியில் கிடப்பதையெல்லாம் பெருக்கித் தள்ள வேண்டும். பிறகு குழாயைப் பிடித்து வெளிப்புறம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். நீளக் கம்புத் தூரிகையால் தேய்த்து, மறுபடி தண்ணீர் விட்டு, கண்ணாடிகளை ரப்பர் பட்டையால் வழித்தெடுக்க வேண்டும். விடிவதற்குள் எல்லா வண்டியும் பளிச்சென்று வாசலைப் பார்த்து நிற்க வேண்டும். மாலைக்குள் அத்தனையும் பழைய கோலத்துக்குத் திரும்பிவிடும். இருபது வயதுகளில் சேர்ந்தவர். இப்போது மீசையில் கறுப்பைத் தேட வேண்டியிருந்தது. ரப்பர் பூட்ஸுக்குள் புகுந்த ஈரம் அவர் கால் விரல்களை விட்டுப் போனதே இல்லை.

அவர் மனைவி ஒரு சீருடைத் தையல் கூடத்தில் வேலை பார்த்தவள். நல்ல குரல், அதைவிட நல்ல வாய். ஆலயத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலை சாயும்போதெல்லாம் தொடையில் நறுக்கென்று கிள்ளுவாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, கிள்ளியும் அவர் கேட்காமல் விட்ட பகுதிகளை எடுத்துச் சொல்வாள். அவர் "ம்" கொட்டிக்கொண்டே வருவார். அவர்களுடைய தாம்பத்தியமே ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. அவள் பேசுவாள், அவர் "ம்" கொட்டுவார்.

அப்புறம் அவளுக்கு முதுகெலும்பில் நோய் வந்தது. முதலில் கால் மரத்தது. பிறகு தடுமாறி விழுந்தாள். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கால் திரும்பவில்லை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு நாட்டில் கைக்குழந்தையோடு இருந்தாள். தொலைபேசியில் அழுவதைத் தவிர அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. மனைவியின் தங்கை, கணவனை இழந்தவள், தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இவர்களோடு தங்கிவிட்டாள். அவளுக்கு ஒரு மருந்துக் கடையில் பகல் வேலை. இரவில் அவள் அக்காவைப் பார்த்துக்கொண்டாள், பகலில் இவர். காலையில் கதவருகே அவள் செருப்பை மாட்டும்போது இவர் பூட்ஸைக் கழற்றுவார். "மருந்து கொடுத்தாச்சு, இடது பக்கம் படுக்க வெச்சிருக்கேன்" என்பாள். மாலையில் அதே கதவருகே இவர் அதே மாதிரி ஏதாவது சொல்வார். வாரம் முழுக்க அவ்வளவுதான் பேச்சு.

பகலில் அவர் தூங்கினார் என்று சொல்ல முடியாது. மனைவியை ஒரு பக்கமாகப் புரட்டிவிட்டுப் படுப்பார். கண் அயர்ந்ததும் மறுபக்கம் புரட்டும் நேரம் வந்துவிடும். நடுவில் சாப்பாடு, துணி மாற்றுவது, கால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பது. ஜெபம் பண்ணலாம் என்று முழங்கால் போட்டால் "ஆண்டவரே" என்ற சொல்லோடு சரி, அதற்கு மேல் நினைவிருக்காது. நெற்றி பாயில் பட்ட இடத்தில் அதன் கோடு பதிந்திருக்கும்.

அவள் படுக்கையில் விழுந்தபின் வந்த முதல் ஞாயிறு. சனி இரவு வேலையை முடித்து வந்து, குளித்து, சட்டை மாற்றி அவர் ஆலயத்துக்குப் போனார். தங்கை அன்று காலை வீட்டில் இருந்துகொண்டு மாலை ஆராதனைக்குப் போவதாக ஏற்பாடு. கிள்ள ஆளில்லை. தூண் இருந்தது. கடைசி ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் எழுந்து நின்ற சத்தத்தில்தான் விழித்தார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் மனைவி அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"இன்னைக்குப் பாஸ்டர் என்ன பேசினாரு?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் காலையிலிருந்து இந்த ஒரு கேள்விக்காகவே காத்திருந்தது தெரிந்தது. தூங்கிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம் பணிமனையில் நடந்த ஒன்று மனதில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தார்.

ஒரு காலையில் வேலை முடியும் சமயத்தில் நல்ல உடை உடுத்திய ஒரு மனிதர் பணிமனைக்கு வந்திருந்தார். மகளுடைய துணி முயல் பொம்மை வண்டியில் தொலைந்துவிட்டதாம். பெருக்கிய குப்பையெல்லாம், வண்டிகளை நிறுத்திக் கழுவும் கழுவு குழிக்குப் பக்கத்தில் குவிந்திருந்தது. இவர் தேடித் தருவதாகச் சொல்வதற்குள், அந்த மனிதர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஈரக் குப்பையில் மண்டியிட்டுவிட்டார். கடைசியில் கிடைத்தது. ஒரு காது இல்லை, பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டு, எண்ணெய்க் கறையோடு இருந்தது. புதிது வாங்கிக் கொடுக்கலாமே என்று இவர் கேட்டதற்கு, வாங்கிக் கொடுத்தும் அவள் அதைத் தொடவில்லை, இதுதான் வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு, அதை மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இதைப் போதகர் சொன்ன கதையாக அவர் மனைவியிடம் சொன்னார். பிரசங்கம் என்றால் கடைசியில் ஆண்டவரைக் கொண்டுவர வேண்டுமே. கொஞ்சம் தடுமாறி, "நம்மளும் அப்படித்தானாம். காது பிய்ஞ்சு, பஞ்சு வெளிய வந்து கிடந்தாலும், ஆண்டவர் வேற ஒண்ணு வாங்கிக்கலாம்னு போக மாட்டாராம். இறங்கித் தேடுவாராம். அப்படின்னு சொன்னாரு" என்று முடித்தார்.

 அந்தப் பொம்மைக்கு எந்தக் காது இல்லை என்று அவள் கேட்டாள். இடது காது என்றார். அன்று அவள் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். அடுத்த ஞாயிறும் தூங்கினார், அடுத்த ஞாயிறும் அவள் கேட்டாள். பணிமனையில் தொலைந்த பொருள்களுக்கு ஒரு அறை உண்டு. குடைகள், ஒற்றைக் கையுறைகள், பள்ளிப் பைகள், ஊன்றுகோல்கள். ஊன்றுகோலோடு வண்டியில் ஏறியவர் அது இல்லாமல் எப்படி இறங்கிப் போனார் என்பது அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தீராத சந்தேகம். ஒரு முறை பல்செட்டைத் தேடி ஒரு முதியவர் வந்தார். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, பேச வெட்கப்பட்டுச் சைகையிலேயே கேட்டார். அறைக் காவலர் ஒரு தட்டில் பல்செட்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்து நீட்ட, முதியவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, பல்லில்லாத வாயால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன்னைப் போல இத்தனை பேரா என்று. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கு ஆனது. நம் குறையை மூடிக்கொண்டு போனால் ஆண்டவர் அதே குறை உள்ளவர்களைக் காட்டிச் சிரிக்க வைப்பார் என்று ஒரு மாதிரியாக முடித்து வைத்தார். மனைவி சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

இதில் அவருக்கே ஒரு மாற்றம் வந்தது. வாரம் முழுக்க, கழுவும்போதும் பெருக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமைக்கு எதைக் கொண்டுபோவது என்று தேடத் தொடங்கினார். ஓட்டுநர் ஒருவர் நோயாளி மனைவியிடம் தொலைபேசியில் பேசுவது காதில் விழும். குளிருக்காக வண்டிக்குள் ஒதுங்கிய பூனையைத் துரத்தாமல் அந்த வண்டியைக் கடைசியாகக் கழுவுவார்கள். இதில் ஆண்டவர் எங்கே இருக்கிறார் என்று யோசிப்பார். தூரிகையை நிறுத்தாமல் யோசிப்பார். அவருக்கு இருந்த ஜெப நேரம் அது ஒன்றுதான் என்று அவர் அறியவில்லை. அவர் அறிந்ததெல்லாம், தான் போதகரின் பெயரில் பொய் சொல்கிறோம் என்பது மட்டுமே. காணிக்கைத் தட்டு தன்னிடம் வரும்போது கை கூசும். அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து நாளில் கடைசி ஆளாகப் போய் நிற்பார்.

ஒரு மழைக்காலத்தில் மனைவிக்கு இடுப்பின் கீழே படுக்கைப் புண் வந்தது. எவ்வளவு புரட்டிவிட்டும் வந்தது. காய்ச்சல் ஏறி, மருத்துவமனையில் சேர்த்து, புண்ணைச் சுத்தம் செய்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். இவருக்கும் தங்கைக்கும் அந்த நாள்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் பயமாக இருந்தது. யார் சரியாகப் புரட்டாமல் விட்டது என்ற கேள்வி இருவர் நாக்கிலும் இருந்தது, இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தங்கை ஒருநாள் காலை கதவருகே நின்று, "நீங்க இல்ல அத்தான், நானும் இல்ல. அது அப்படித்தான் வரும்னு நர்ஸ் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அவர் பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றிருந்தார்.

வீட்டுக்கு வந்த மனைவி பழைய ஆளாக இல்லை. ஜன்னலைப் பார்க்கக்கூட முகத்தைத் திருப்பவில்லை. ஒரு பகலில், அவர் அவளுடைய காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும்போது, "என்னங்க, ஆண்டவருக்கு இந்தத் தெரு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள். வேடிக்கையாகக் கேட்கிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தார். அவள் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அந்த வாரம் அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. வண்டிகள் வந்தன, கழுவினார், போயின. இருக்கைக்கு அடியில் வெறும் காகிதமும் பழத்தோலும்தான். அவருடைய உள்ளமும் அப்படித்தான் காலியாக இருந்தது. இந்த முறை இவளுக்கு நிஜமான வார்த்தை வேண்டும், தன் கட்டுக்கதை போதாது என்று தீர்மானித்தார். எப்படியாவது விழித்திருந்து போதகர் சொல்வதை அப்படியே கொண்டுவந்து கொடுப்பது என்று முடிவு செய்தார்.

ஞாயிறு காலை முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொண்டார். ஷூவுக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டார். தூண் பக்கம் போகாமல், யாரும் எதிர்பாராத விதமாக, நடு வரிசையில் போய் உட்கார்ந்தார். குறும்புக்காரர் பாடகர் குழுவிலிருந்து எட்டிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தூக்கம் வரும்போதெல்லாம் இவர் கல்லை அழுத்தி மிதித்தார். விழித்திருந்தார்.

ஆனால் அன்று அவர்களுடைய போதகர் இல்லை. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். இளவயது, கணீரென்ற குரல். உண்மையான விசுவாசம் இருக்கிற வீட்டில் நோய் நிரந்தரமாகக் குடியிருக்காது என்றார். இன்னும் படுக்கையில் கிடப்பவர் தன் உள்ளத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்றார். சிலர் "ஆமென்" என்றார்கள். இவருக்குக் காலில் கல் குத்தியதுகூட அதற்குப் பிறகு தெரியவில்லை. எத்தனையோ நல்ல பிரசங்கங்களைத் தூங்கித் தொலைத்தோமே, இதையா விழித்துக் கேட்க வேண்டும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்தார். தங்கை பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே, பழக்கத்தினால் கேட்பதுபோல, "என்ன பேசினாங்க?" என்றாள்.

  கேட்டதைச் சொல்ல முடியாது. புதிதாக ஒன்றைக் கட்டவும் சரக்கு இல்லை.

"தெரியலம்மா" என்றார். "நான் கோயில்ல தூங்கிடுவேன். நீ படுத்ததுலேருந்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்ல. உன்கிட்ட சொன்னதெல்லாம் நானா சொன்னது."

சொன்னதும் தோள்கள் தளர்ந்து, கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் இப்போதுதான் முகத்தைத் திருப்பினாள்.

"எனக்குத் தெரியும்."

அவர் திருதிருவென்று விழித்தார்.

"சாயங்காலமும் அதே பிரசங்கம்தானே. தங்கச்சி போயிட்டு வந்து சொல்லுவா. முதல் வாரமே தெரிஞ்சிடுச்சு. பாஸ்டர் அன்னைக்குப் பேசினது கோபத்தைப் பத்தி. நீங்க முயல் பொம்மையோட வந்து நின்னீங்க."

பின்னறையில் துணி மடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"அப்ப ஏன் கேட்டுக்கிட்டே இருந்த?"

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல" என்றாள். "நான் இங்க கிடக்கேன், ஆண்டவர் எங்கயோ இருக்காருன்னு இருந்தேன். நீங்க வந்து அவரைக் கழுவு குழியில பார்த்தேன், பஸ்ஸுக்குள்ள பார்த்தேன்னு சொன்னீங்க. பாஸ்டர் பேரைச் சொல்லித்தான் சொன்னீங்க. ஆனா பார்த்தது நீங்கதானே. என் புருஷன் பார்த்தார்னா நிஜமாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

 அவர் இன்றைக்கு மட்டும் தூங்கவில்லை என்பதையும் சொன்னார். அப்படியானால் என்ன கேட்டீர்கள் என்று அவள் விடாமல் கேட்டாள். அவர் தயங்கித் தயங்கி, வெளியூர்ப் பிரசங்கியார் சொன்னதைச் சொன்னார்.

"அந்த ஐயாவுக்கு இடுப்பு வலி வந்ததில்ல போலிருக்கு" என்று அவள் லேசாகச் சொல்லப் பார்த்தாள். ஆனால் பாதியிலேயே உதடு கோணியது. அழுதாள். புண் வந்தபோதும் மருத்துவமனையிலும் அழாதவள், அன்று தேம்பித் தேம்பி அழுதாள். நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டாள். இரவெல்லாம் தங்கச்சியை எழுப்பக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேனே, அது விசுவாசம் இல்லையா என்று கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

அழுகை ஓய்ந்ததும் அவள் சொன்னாள்: "ஜெபம் பண்ணுங்க."

"தூங்கிடுவேனே."

"தூங்குங்க. ஆரம்பிச்சு வெச்சிட்டுத் தூங்குங்க."

அவர் கட்டிலோரம் முழங்கால் போட்டார். தலையை மெத்தையில் சாய்த்தார். "ஆண்டவரே" என்றார். வழக்கமாக அதோடு நின்றுவிடும். அன்று இன்னும் கொஞ்சம் வந்தது. "எங்களுக்கு ரொம்ப அசதியா இருக்கு. இவளுக்கு வலிக்குது. நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு நினைக்கிறோம். கொஞ்சம் இவளைப் பார்த்துக்கோங்க." அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வருவதற்குள் தூங்கிப்போனார்.

மீதி ஜெபத்தை மனைவி தொடர்ந்தாள் என்று தங்கை பிற்பாடு சொன்னாள். நீளமாக ஒன்றுமில்லையாம். இந்த மனுஷனுக்கு நல்ல தூக்கம் கொடுங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். தங்கை சத்தமில்லாமல் வந்து அவர் காலிலிருந்து ஷூவைக் கழற்றியபோது கூழாங்கல் உருண்டு விழுந்ததாம். காலுறையில் ரத்தம் இருந்ததாம். அவர் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. மனைவியின் கை அவர் தலையில் கனமாகக் கிடந்தது, அவளும் தூங்கியிருந்தாள். அவர் கழுத்தை அசைக்கவில்லை. பல மாதங்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது. அசதி அப்படியே இருந்தது. ஆனால் அதைத் தனியாகச் சுமப்பதாகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. புண் மெதுவாக, எல்லாரையும் படுத்தி எடுத்துவிட்டு, ஆறியது. கால்கள் திரும்பவில்லை. பகல் வேலைக்கு மாற்றிக்கொடுங்கள் என்று பணிமனையில் கேட்டார், பார்க்கலாம் என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கை ஒருநாள் போதகரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் வீட்டுக்கு வந்தார். இவர் குற்றவாளிபோல எழுந்து நிற்க, போதகர் கட்டிலருகே உட்கார்ந்து, முதலில் அந்த வெளியூர்க்காரர் பேசியதற்காக மனைவியிடம் வருத்தம் தெரிவித்தார். "நான் இருந்திருந்தா அப்படிப் பேச விட்டிருக்க மாட்டேன்மா" என்றார். பிறகு திருவிருந்து கொடுத்தார். புறப்படும்போது இவர் தோளைத் தட்டி, தூணடியில் ஒரு தலையணை போட்டுவைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். அப்போது மூவருமே சிரித்தார்கள்.

ஞாயிறுதோறும் அவர் இப்போதும் போகிறார், இப்போதும் தூங்குகிறார். வீட்டுக்கு வந்து சொல்லும்போது மட்டும் "பாஸ்டர் சொன்னாரு" என்பதை விட்டுவிட்டார். "நான் பார்த்தேன்" என்று தொடங்குகிறார். முதலில் அந்தச் சொல் வாயில் கூசியது. பழகிவிட்டது. தங்கையும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்கிறாள். கதை சரியில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள்.

சில வாரம் அவரிடம் ஒன்றும் இருப்பதில்லை. போன ஞாயிறு அப்படித்தான். வெறுங்கையோடு வந்து உட்கார்ந்து, ஒண்ணும் கிடைக்கலம்மா என்றார். பரவாயில்லை, நான் ஒன்று வைத்திருக்கிறேன் என்றாள் மனைவி. எதிர்க் கட்டடத்துக்குச் சாயம் பூசுகிற ஆளை வாரமெல்லாம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாளாம். உயரத்தில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து பூசுகிறவன், மாடத்தில் குருவிக் கூடு இருந்த ஒரு மூலையை மட்டும் பூசாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மேற்பார்வையாளர் கீழேயிருந்து கையை ஆட்டிச் சத்தம் போட்டும் அவன் காது கேளாதவன்போல அடுத்த பக்கம் நகர்ந்துவிட்டானாம்.

"அதுல ஆண்டவர் எங்க வர்றாரு?" என்று அவர் கேட்டார்.

"இருங்க, இன்னும் அங்க வரல" என்று சொல்லிவிட்டு, தலையணையைச் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லி, அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.